மெனுவுக்குத் தனிக் கோப்பு

இணையதளத்தின் மெனுவை ஒவ்வொரு பக்கத்திலும் நகலெடுத்து ஒட்டாதீர்கள். அந்தப் பகுதியை மட்டும் வெட்டி ஒரு தனிக் கோப்பில் வையுங்கள். பக்கங்களில் மெனு வர வேண்டிய இடத்தில் சர்வரில் ஓடும் நிரல்மொழியான பிஎச்பியின் 'இன்க்ளூட்' வரி ஒன்று போதும்.

பக்கத்தை அனுப்பும் முன்பே சர்வர் அந்தக் கோப்பைச் சேர்த்துவிடுகிறது. பிரவுசருக்குப் போவது முழுமையான, சாதாரண எச்டிஎம்எல்தான். ஆகவே புது இணைப்பு ஒன்றைச் சேர்க்க 40 பக்கங்களைத் திறக்க வேண்டாம், ஒரே கோப்பைத் திருத்தினால் சரி. மெனுவில் உள்ள முகவரிகளை மட்டும் சாய்கோட்டில் (/) தொடங்குங்கள். இல்லாவிட்டால் உள்ஃபோல்டரில் இருக்கும் பக்கங்களில் இணைப்புகள் உடையும். பலரும் தடுக்கி விழுவது இங்கேதான்.

பக்கங்களின் கோப்புப் பெயர் வழக்கமாக .php என்று முடிய வேண்டும். கணினியில் கோப்பை நேரடியாக டபுள் கிளிக் செய்தால் மெனு வராது. எக்ஸாம்ப் (XAMPP) போன்ற, உங்கள் கணினியிலேயே ஓடும் லோக்கல் சர்வர் வேண்டும். தளங்களை வெளியிட உதவும் கிட்ஹப் பேஜஸ் சேவையில் பிஎச்பியே ஓடாது, அங்கே ஜெக்கில் என்ற தளம் உருவாக்கும் கருவியின் இன்க்ளூட் வசதி இதே வேலையைச் செய்யும். மொத்தமே இரண்டு மூன்று பக்கம்தான் என்றால், அப்புறம் எதற்கு இதெல்லாம், ஒட்டிவிட்டே போகலாம்.