மருத்துவமனை பில்லுக்கு உதவி தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருத்துவமனை பில்களையும் காப்பீட்டு நிறுவனங்கள் அனுப்பும் தீர்வுக் கடிதங்களையும் பரிசீலித்து, காப்பீட்டுப் பணத்தில் எங்கே தவறாகக் கழித்திருக்கிறார்கள் என்று குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்வது என் தொழில். சென்ற மாதம் ஒரே வாரத்தில் மூன்று குடும்பத்தார் வந்தார்கள். அவர்களில் இரு குடும்பத்தார், என் தாயாரின் அறுவை சிகிச்சையின்போது நான் செய்த அதே தவற்றைச் செய்திருந்தார்கள். காப்பீட்டு அட்டையை மறந்துவிட்டுப் போவது, மருந்துக் கடை ரசீதைத் தொலைப்பது போன்றவற்றை எல்லோரும் அறிவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒற்றைப் பக்க பில்லோடு வீடு திரும்புவது

2021இல் என் தாயார் கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்து, ஆறு நாள்கள் மருத்துவமனையில் இருந்தார். வீடு திரும்பும் நாளில் எனக்குத் தந்த பில்லில் இரண்டே வரிகள்தாம் இருந்தன: அறை வாடகை 60,000 ரூபாய், அறுவை சிகிச்சை பேக்கேஜ் 2,60,000 ரூபாய். காப்பீட்டுத் தொகை 5 லட்சம். அறை வாடகைக்கு அதில் 1 விழுக்காடு, அதாவது நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உச்சவரம்பு. நாங்கள் எடுத்திருந்ததோ 10,000 ரூபாய் அறை. கூடுதலாகும் 30,000 ரூபாயை மட்டும் கையிலிருந்து கட்ட வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். நிறுவனம் மொத்த பில்லிலும் சரிபாதியைக் கழித்துக்கொண்டு 1,60,000 ரூபாயை அனுப்பியது. அப்போது நான் கணக்கராக இருந்தேன். கூட்டலும் வகுத்தலும் பிசகில்லாமல் இருந்ததால், கழிவும் முறையானதே என்று ஏற்றுக்கொண்டேன்.

அது முறையானதல்ல. உச்சவரம்பைத் தாண்டிய அறையை எடுத்தால் மற்றச் செலவுகளையும் அதே விகிதத்தில் குறைப்பதற்கு விகிதாசாரக் கழிவு என்று பெயர். ஆனால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2020இல் வகுத்த வரையறைப்படி மருந்துகள், கையுறை, ஊசி போன்ற உபயோகப் பொருள்கள், உடலுக்குள் பொருத்தும் கருவிகள், பரிசோதனைகள் ஆகியவற்றின் செலவில் இந்தக் கழிவைச் செய்யக் கூடாது. தீவிர சிகிச்சைப் பிரிவின் கட்டணத்திலும் கூடாது. அறைக்குத் தக்கபடி கட்டணத்தை மாற்றாத மருத்துவமனையாக இருந்தால் மற்றச் செலவுகளில் கை வைக்கவே முடியாது. விவரம் தெரிந்த ஒருவர் சொல்லி, நான் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். பேக்கேஜில் எது மருந்து, எது கருவி என்ற விவரம் இல்லாததால் எதையும் விலக்க இயலாது என்று பதில் வந்தது.

மருத்துவமனையின் பில் பிரிவுக்கு அலைந்து அந்த விவரத்தைப் பெற எனக்குப் பதினான்கு மாதங்கள் ஆயின. மருத்துவர் கட்டணமும் தியேட்டர் கட்டணமும் சேர்ந்து 1,10,000. எலும்பில் பொருத்திய தகடும் திருகுகளும் 70,000. மருந்தும் உபயோகப் பொருள்களும் 60,000. பரிசோதனைகள் 20,000 ரூபாய். விதிப்படி கழித்திருக்க வேண்டியது வாடகையில் 30,000, மருத்துவர் மற்றும் தியேட்டர் கட்டணத்தில் 55,000, ஆக மொத்தம் 85,000 ரூபாய்தான். மீதி 75,000 ரூபாய் எங்களுக்கு வர வேண்டிய பணம். காப்பீட்டு நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரிக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போக, நிறுவனத்தின் மறுப்புக் கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து ஓராண்டுதான் அவகாசம் என்பது அதன் பிறகே எனக்குத் தெரிந்தது. நுகர்வோர் ஆணையத்துக்கு அலையும் தெம்பு அப்போது வீட்டில் எவருக்கும் இல்லை.

ஆகவே, பணம் கட்டும்போதே இனவாரியான பில்லைக் கேட்டு வாங்குங்கள். தேசிய மனித உரிமைகள் ஆணையம் வகுத்த நோயாளிகள் உரிமைச் சாசனம் அதை உங்கள் உரிமையாகவே சொல்கிறது. உள்ளே பொருத்திய கருவிக்கு ஒட்டுச்சீட்டு ஒன்று உண்டு. விரலளவு இருக்கும் அதில் தொகுதி எண் அச்சாகியிருக்கும், வழக்கமாக அதை நோயாளியின் கோப்பில் ஒட்டிவைப்பார்கள். அதன் நகலும் வேண்டும். இதய ஸ்டென்டுக்கும் செயற்கை முழங்கால் மூட்டுக்கும் 2017 முதல் அரசு உச்சவிலை நிர்ணயித்திருக்கிறது. ஆனால் பில்லில் அவற்றுக்குத் தனி வரி இல்லையென்றால், என்னைப் போன்றவர் எதை எதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது? மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள் கூறுகின்றன. கேட்டதற்குச் சான்று இருக்கும்படி எழுதிக் கேளுங்கள்.

தொலைபேசியிலேயே முறையிடுவது

உதவி மைய எண்ணில் இருபது முறை பேசியிருந்தாலும், குறைதீர்ப்பாளரைப் பொறுத்தவரை நீங்கள் இன்னும் புகாரே செய்யவில்லை. நிறுவனத்துக்கு எழுத்து மூலம் முறையிட்டு, மறுப்போ திருப்தியில்லாத பதிலோ வந்த பிறகு, அல்லது பதிலே வராமல் ஒரு மாதம் கழிந்த பிறகுதான் அவர் உங்கள் மனுவை ஏற்பார். அங்கே கட்டணம் இல்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான இழப்பீட்டுக்கு அவர் ஆணையிடலாம். அந்த ஆணை நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும்.

முதலில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது

அங்கே வழக்குப் போட்டுவிட்டால், அதே விவகாரத்தைக் குறைதீர்ப்பாளர் எடுத்துக்கொள்ள மாட்டார்.

மொத்த பில்லில் விழுக்காடு கேட்பவரிடம் ஒப்படைப்பது

4 லட்சம் ரூபாய் பில்லில் தகராறு 30,000 ரூபாய்க்குத்தான் என்றால், மொத்தத்தில் பத்து விழுக்காடு கேட்பவருக்கு 40,000 ரூபாய் போய்விடும். மீட்டுத் தந்த தொகையில் பங்கு, அல்லது பார்த்துக் கொடுப்பதற்கு இவ்வளவு என்று முன்கூட்டியே எழுதிக்கொண்ட கூலி, இவை இரண்டுமே நியாயமானவை. உங்களுக்குப் பதிலாகக் குறைதீர்ப்பாளர் முன் வாதாடுகிறேன் என்பவரை நம்ப வேண்டாம். அங்கே வழக்கறிஞருக்குக்கூட இடமில்லை. நாங்கள் தாள்களை ஒழுங்குபடுத்தித் தரலாம், பேச வேண்டியவர் நீங்கள்தான்.

அசல் தாள்களைக் கொடுத்துவிடுவது

கொடுக்காதீர்கள், எங்களுக்கு நகல் போதும்.

எல்லாம் முடிந்த பிறகு உதவி தேடுவது

காப்பீட்டு நிறுவனமே மருத்துவமனைக்கு நேராகப் பணம் கட்டும் கேஷ்லெஸ் சிகிச்சையில், டிஸ்சார்ஜுக்கான ஒப்புதலை மருத்துவமனை கேட்ட மூன்று மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனம் தர வேண்டும் என்பது 2024 முதல் விதி. வீட்டுக்குப் போகும் அவசரத்தில் குடும்பத்தார் அந்த நேரத்தைப் பையைக் கட்டுவதில் செலவிடுகிறார்கள். சென்ற மாதம் வந்த மூன்றாவது குடும்பத்தில் தந்தை அப்போதும் வார்டில்தான் இருந்தார். டிஸ்சார்ஜ் நாளன்று மகன் வராந்தாவில் அமர்ந்து இனவாரியான பில்லை வரி வரியாக எனக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினார். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மூன்று நாள் கட்டணம் போட்டிருந்தார்கள். தந்தையை இரண்டாம் நாள் மாலையே வார்டுக்கு மாற்றிவிட்டதாகச் செவிலியர் குறிப்பேட்டில் இருந்தது. அந்தப் பக்கத்தைக் காட்டியதும், பணம் கட்டுவதற்கு முன்பே அந்த வரியைத் திருத்திக் கொடுத்தார்கள்.