மார்பகப் புற்று என்று ரிப்போர்ட் வந்த பிறகு: எந்தச் சிகிச்சை, எந்த வரிசையில்?

ரிப்போர்ட்டில் 'கார்சினோமா' என்ற சொல்லைப் பார்த்த அன்றே நம் குமரி மாவட்டத்து வீடுகளில் பேச்சு தொடங்கிவிடும். எந்த ஊர் ஆஸ்பத்திரி: ஆசாரிபள்ளமா, நெய்யூரா, திருவனந்தபுரமா, வேலூரா? மார்பை முழுவதும் எடுப்பதா, கட்டியை மட்டும் எடுப்பதா? இவை இரண்டுமே அடுத்து வரவேண்டிய கேள்விகள். கத்தி முதலிலா, மருந்து முதலிலா என்பதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும். ஆரம்ப நிலையில் கண்டுபிடித்த நோயில் இந்த வரிசை தவறினால், பின்னால் சரிசெய்ய முடியாத சில வாய்ப்புகள் கைநழுவிப்போகும்.

கட்டி கைக்குத் தட்டுப்படும் அளவுக்கு வளரப் பெரும்பாலும் வருடக்கணக்கில் ஆகியிருக்கும். அதனால் தாள்களைச் சேர்க்கவும் இன்னொரு டாக்டரைப் பார்க்கவும் இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொண்டால் குடி முழுகிவிடாது. ஆடி கழியட்டும், பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும் என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

முதலில் கையில் இருக்க வேண்டியவை

நோயை உறுதிசெய்ய வேண்டியது ஊசி பயாப்சி, அதுவும் திசுத்துண்டு எடுக்கிற தடித்த ஊசியால். மெல்லிய ஊசியில் உறிஞ்சும் எஃப்.என்.ஏ.சி. சோதனையில் செல்கள் மட்டும்தான் கிடைக்கும். நோய் பால்குழாய்க்குள்ளேயே நிற்கிறதா, வெளியே பரவிவிட்டதா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

நம் பக்கத்தில் அடிக்கடி நடக்கும் தவறு, "சின்னக் கட்டிதானே, எடுத்துவிட்டுப் பார்ப்போம்" என்று பயாப்சி இல்லாமலே கட்டியை அறுத்து எடுப்பது. புற்று என்று அதற்குப் பிறகு தெரிந்தால், விளிம்பில் நோய் மிச்சமிருக்கிறதா என்று தெரியாததால் பெரும்பாலும் மறுபடியும் ஆபரேஷன்தான். மருந்து முதலில் கொடுத்துக் கட்டி எப்படிச் சுருங்குகிறது என்று பார்க்கும் வாய்ப்பும் போய்விடும். கத்திக்குச் சம்மதிக்கும் முன் "ஊசி பயாப்சி ஆகிவிட்டதா?" என்று கேளுங்கள்.

பயாப்சி ரிப்போர்ட்டில் தேட வேண்டியவை கிரேடு (செல்கள் எவ்வளவு மாறியிருக்கின்றன என்ற தரம்), ஈ.ஆர்., பி.ஆர். (செல்களில் உள்ள ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்-2 (நோயை வேகமாக வளர்க்கும் ஒரு புரதம்), கி-67 (செல்கள் பெருகும் வேகம்). ஓர் உதாரணம்: "கிரேடு 2, ஈ.ஆர். 90%, பி.ஆர். 60%, ஹெர்-2 2+". பார்க்க எல்லாம் முடிந்ததுபோல் இருக்கும். ஆனால் ஹெர்-2வில் 0, 1+ என்றால் இல்லை, 3+ என்றால் உண்டு. 2+ என்றால் இன்னும் முடிவாகவில்லை. ஃபிஷ் என்ற அடுத்த சோதனை வந்த பிறகுதான் சிகிச்சையை முடிவுசெய்ய வேண்டும். இதற்கு ஒரு வாரம் காத்திருப்பது வீண் இல்லை.

திசுவை எப்படி வைத்தார்கள் என்பதும் முடிவை மாற்றும். எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் 10% ஃபார்மலினில் போட்டு, 6 மணி முதல் 72 மணி வரை அதில் ஊறவைக்க வேண்டும். வெறும் சலைனில் போட்டு அனுப்பினாலோ, பாட்டில் நாள்கணக்கில் கிடந்தாலோ, இருக்கிற ஈ.ஆர். இல்லை என்று வரலாம். கிரேடு 1 கட்டிக்கு ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 மூன்றுமே இல்லை என்று ரிப்போர்ட் வந்தால் சந்தேகப்படுங்கள். அதே திசுவை வேறொரு லேபில் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். இதற்காகத்தான் பாரஃபின் பிளாக்கையும் ஸ்லைடுகளையும் லேபில் கேட்டு வாங்கி வைக்கச் சொல்கிறோம். பிளாக் என்பது திசுவைப் பதித்து வைத்த மெழுகுத் துண்டு. வெயிலில் நிற்கும் கார் டேஷ்போர்டில் வைத்துவிடாதீர்கள்.

இரண்டு மார்புக்கும் மேமோகிராம், அக்குளுக்கு ஸ்கேன், அங்கே சந்தேகமான நெறிகட்டி தெரிந்தால் அதிலும் ஊசி. இவ்வளவும் தேவை. முதல் நிலையிலும், அறிகுறி இல்லாத இரண்டாம் நிலையில் பலருக்கும், நோய் உடம்பில் வேறெங்கும் பரவியிருக்கிறதா என்று பார்க்கும் பெட் ஸ்கேன் வேண்டியதில்லை. "எதற்கும் ஒரு பெட் எடுத்துவிடுவோம்" என்றால் அது எந்த முடிவை மாற்றும் என்று கேளுங்கள். அந்தப் பணம் பின்னால் உதவும்.

கத்தியா, மருந்தா முதலில்?

ஈ.ஆர். உண்டு, ஹெர்-2 இல்லை என்றால் பொதுவாக ஆபரேஷன் முதலில். ஹெர்-2 உண்டு என்றாலோ, மூன்றுமே இல்லை என்றாலோ, கட்டி 2 செ.மீ.க்கு மேல் இருந்தால் அல்லது அக்குளில் நோய் இருந்தால், இப்போதைய வழக்கம் மருந்து முதலில். கட்டி சுருங்கி மார்பைக் காப்பாற்றலாம் என்பது ஒரு பயன். அதைவிட முக்கியமான பயன் வேறு: மருந்துக்குப் பிறகு ஆபரேஷனில் நோய் மிச்சமிருந்தால் அடுத்த மருந்தை மாற்றுவார்கள். மூன்றும் இல்லாதவர்களுக்குக் கேபசிடபின், ஹெர்-2 உள்ளவர்களுக்கு டி-டி.எம்.1. முதலிலேயே அறுத்துவிட்டால் இந்தத் தகவல் கிடைக்காது.

மருந்து முதலில் என்று முடிவானால், தொடங்கும் முன் கட்டிக்குள் சின்ன உலோக கிளிப் வைக்கச் சொல்லுங்கள். மருந்து நன்றாக வேலைசெய்து கட்டி கரைந்துபோனால், அது இருந்த இடத்தைச் சர்ஜன் எப்படிக் கண்டுபிடிப்பார்? கிளிப் இல்லாததாலேயே முழு மார்பையும் இழக்க நேரலாம்.

முழுவதுமா, கட்டி மட்டுமா?

இத்தாலியிலும் அமெரிக்காவிலும் 20 ஆண்டு பின்தொடர்ந்து பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவு 2002இல் வந்தது. கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தவர்களும், மார்பை முழுவதும் எடுத்தவர்களும் ஒரே அளவில் உயிரோடு இருந்தார்கள். அதே மார்பில் நோய் திரும்புவது முதல் வகையில் கொஞ்சம் கூடுதல். அதற்கும் சிகிச்சை உண்டு. அதனால் "உயிர் முக்கியமா, மார்பு முக்கியமா" என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பது இந்த நிலையில் தவறான கேள்வி.

மார்பின் வெவ்வேறு பகுதிகளில் பரவலாகக் கட்டிகள் இருந்தால், அதே மார்பில் முன்பே கதிர்வீச்சு எடுத்திருந்தால், மார்பின் அளவுக்குக் கட்டி மிகப் பெரிதாக இருந்தால், அல்லது கதிர்வீச்சுக்கு வரவே வழியில்லை என்றால் முழுவதும் எடுப்பதே நல்லது. ஆனால் முழுவதும் எடுத்தால் கதிர்வீச்சு வேண்டாம் என்று நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். அக்குளில் நாலு அல்லது அதற்கு மேற்பட்ட நிணநீர் முடிச்சுகளில் (நெறிகட்டிகளில்) நோய் இருந்தாலோ, கட்டி 5 செ.மீ.க்கு மேல் இருந்தாலோ அப்போதும் தேவைப்படும். ஒன்று முதல் மூன்று வரை இருந்தாலும் பலருக்குத் தேவைப்படும்.

அக்குளைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, நாள்தோறும் கையால் பிழைப்பவர்களுக்கு இதுதான் பெரிய விஷயம். முடிச்சுகளை முழுவதும் எடுத்தால் சுமார் ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்கும். நீலச் சாயம் செலுத்தி முதல் சில முடிச்சுகளை மட்டும் எடுக்கும் சென்டினல் முறையில் சுமார் இருபதில் ஒருவருக்குத்தான். குளச்சலில் மீன்கூடை சுமப்பவருக்கும், மார்த்தாண்டம் பக்கம் அண்டிப்பருப்பு உடைப்பவருக்கும், குலசேகரத்தில் ரப்பர் வெட்டுபவருக்கும் அந்த வீக்கம் என்றால் வேலை போனமாதிரி. அக்குளில் நோய் தெரியாதவர்கள் "சென்டினல் இங்கே செய்வீர்களா?" என்று நேராகக் கேளுங்கள், இல்லையென்றால் செய்யும் இடத்துக்குப் போவது நியாயமான காரணம்தான். சாயம் போட்டபின் ஓரிரு நாள் சிறுநீர் நீலமாகவோ பச்சையாகவோ போகும், பயப்பட வேண்டாம்.

கதிர்வீச்சு: நாளை எண்ணுங்கள்

பழைய முறை 25 தடவை, ஐந்து வாரம். இப்போது பரவலாக இருப்பது 40 கிரே (கிரே என்பது கதிர்வீச்சின் அளவு), 15 தடவை, மூன்று வாரம். தகுதியானவர்களுக்கு 26 கிரேயை ஐந்தே தடவையில் ஒரு வாரத்தில் முடிப்பதும் சரியாக வேலைசெய்கிறது என்று 2020இல் தெரிந்தது. கட்டி இருந்த இடத்துக்குக் கூடுதல் டோஸ் என்றால் சில நாள் சேரும். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் ஏறத்தாழ 70 கி.மீ.; 15 தடவை போய்வருவதா, அங்கே தங்குவதா, நெய்யூரிலோ திருநெல்வேலியிலோ எடுப்பதா என்பதை ஆபரேஷனுக்கு முன்பே கணக்குப் போடுங்கள். கட்டியை மட்டும் எடுத்துவிட்டுப் பாதியில் கதிர்வீச்சை விடுவதுதான் எல்லாவற்றிலும் மோசமான வழி. இடது மார்பு என்றால், மூச்சை இழுத்துப் பிடித்து இதயத்தைத் தள்ளிவைக்கும் முறை உண்டா என்று கேளுங்கள்.

65 வயதுக்கு மேல், சின்னக் கட்டி, அக்குளில் நோய் இல்லை, ஈ.ஆர். உண்டு என்றால், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுபவர்கள் கதிர்வீச்சைத் தவிர்ப்பதைப் பற்றிப் பேசலாம். அப்படிப்பட்டவர்களை 10 ஆண்டு கவனித்ததில் அதே மார்பில் நோய் திரும்பியது கதிர்வீச்சு எடுக்காதவர்களில் 9.5%, எடுத்தவர்களில் 0.9%, உயிரிழப்பில் வித்தியாசமில்லை.

மருந்துகள்

ஈ.ஆர். உள்ள, அக்குளில் நோயில்லாத சின்னக் கட்டிக்குக் கீமோ எல்லாருக்கும் பயன் தராது. தயக்கமான இடத்தில், கீமோவால் பயன் இருக்குமா என்று கட்டியின் 21 மரபணுக்களைப் பார்க்கும் சோதனை உதவும், லட்சக்கணக்கில் செலவாகும். கிரேடும் அளவுமே தெளிவாகச் சொல்லும்போது தேவையில்லை. ஹெர்-2 உள்ளவர்களுக்கு டிராஸ்டுசுமாப் என்ற ஊசி மருந்து ஒரு வருடம், மூன்று வாரத்துக்கு ஒருமுறை. இதயத்துக்கு எக்கோ மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இந்தியாவிலேயே செய்யும் டிராஸ்டுசுமாப் விலை குறைவு, கேட்டு வாங்குங்கள். பிள்ளைப்பேறு இன்னும் வேண்டும் என்றால் முதல் கீமோவுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

ஈ.ஆர். உள்ள எல்லாருக்கும் மாத்திரை குறைந்தது ஐந்து வருடம். மாதவிலக்கு உள்ளவர்களுக்குத் தமாக்சிஃபென் 20 மி.கி.; நின்றவர்களுக்குப் பெரும்பாலும் லெட்ரோசோல் 2.5 மி.கி. கீமோவால் மாதவிலக்கு நின்றதை நிரந்தரம் என்று எண்ணி லெட்ரோசோலை மட்டும் கொடுத்தால் சூலகம் மறுபடி விழித்துக்கொள்ளலாம். கடைசி மாதவிலக்குத் தேதியைச் சரியாகச் சொல்வது அதனால்தான் அவசியம். விலை குறைந்த இந்த மாத்திரையை மூட்டுவலி என்று இரண்டாம் வருடத்தில் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தும் முன் டாக்டரிடம் சொன்னால் வேறு மாத்திரைக்கு மாற்றலாம்.

நாட்டு வைத்தியம் செய்யும் ஆசானிடம் எண்ணெய் வாங்கிக் கட்டியில் தடவுவதும், முள்சீத்தா இலைக் கஷாயமும் நம் மாவட்டத்தில் சகஜம். கஷாயம் புற்றைக் கரைக்கும் என்பதற்கு மனிதர்களில் செய்த சோதனை எதுவும் சான்று தரவில்லை. குடித்துக்கொண்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். கீமோ டோஸ் முடிவுசெய்ய அந்த விவரம் வேண்டும்.

செலவும் பயணமும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. வருமானச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மையத்துக்குப் போக வேண்டும். எந்த ஆஸ்பத்திரியில், எந்தச் சிகிச்சைக்கு அட்டை செல்லும் என்று அங்கேயே கேளுங்கள்; கேரளத்துக்குப் போவதாக இருந்தால் இந்தக் கேள்வியைத் தவறவிடாதீர்கள். ரயிலில் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் கட்டணம் இல்லை, துணைக்கு வருபவருக்கு 75% சலுகை. ரயில்வே படிவத்தில் ஆஸ்பத்திரி கையெழுத்து வேண்டும்.

ஒரு நோட்டில் பக்கத்தை இரண்டாகக் கோடு போட்டு, முழுவதும் எடுப்பது, கட்டியை மட்டும் எடுப்பது என்ற இரண்டு வழிகளையும் பக்கத்தில் பக்கமாக எழுதுங்கள்: எத்தனை ஆபரேஷன், எத்தனை தடவை போய்வர வேண்டும், யார் துணை, அட்டை போக கையிலிருந்து எவ்வளவு, எத்தனை வாரம் வேலைக்குப் போக முடியாது. டாக்டரிடம் கேட்க வேண்டியது: "டாக்டர், எனக்கு எது முதலில், ஏன்? விளிம்பில் நோய் வந்தால் அடுத்து என்ன? அக்குளில் எவ்வளவு எடுப்பீர்கள்?"

இந்தப் பேச்சில் நோயாளி உள்ளே இருக்க வேண்டும். "அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்" என்று மகனும் மருமகனும் மட்டும் போய்க் கேட்டுவரும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்தக் கையால் கூடை சுமப்பதும் ஐந்து வருடம் மாத்திரை விழுங்குவதும் அவர்தான். எழுத ஒரு ஆள் கூடப் போனால் போதும். பையில் பிளாக், ஸ்லைடு, மேமோகிராம் ஃபிலிம், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள், இந்த நோட்டு.