மலைப்பாதையில் ஆபத்தான வளைவைச் சரிசெய்யக் கோரி மனு எழுதுவது எப்படி?

நீலகிரியில் வண்டி ஓட்டுகிற ஒவ்வொருவருக்கும் மனதுக்குள் பயந்துகொண்டே திரும்புகிற வளைவு ஒன்றாவது இருக்கும். அதைச் சரிசெய்யும்படி அரசிடம் கேட்க வழிகள் உள்ளன. ஆனால் மனு சரியான மேசைக்குப் போய்ச் சேர வேண்டுமானால், அந்தச் சாலை யாருடையது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதற்குச் சாலையோரக் கிலோமீட்டர் கல்லே போதும். கல்லின் தலைப்பகுதி மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர், உதகை, கூடலூர் வழியாகச் செல்லும் 181ஆம் எண் சாலை அத்தகையது. பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. கோத்தகிரி வழியாக உதகைக்கு ஏறும் 15ஆம் எண் சாலை இவ்வகை. வேறு நிறமென்றால் அது மாவட்டச் சாலையாகவோ ஊரகச் சாலையாகவோ இருக்கலாம். நகருக்குள் நகராட்சியின் தெருக்களும், தேயிலைத் தோட்டங்களுக்குள் தனியார் பாதைகளும் உண்டு. இதைப் பார்க்காமல் நான் எழுதிய முதல் மனு, "இச்சாலை எமது பராமரிப்பில் இல்லை" என்ற ஒற்றை வரியோடு சில மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தது.

அடுத்து இடத்தைத் துல்லியமாகக் குறிக்க வேண்டும். "பெரிய மரத்துக்குப் பக்கத்து வளைவு" என்று எழுதினால் பொறியாளருக்கு எதுவும் புரியாது. பெரிய கற்களுக்கு இடையே 200 மீட்டருக்கு ஒன்றாக நடப்பட்டிருக்கும் சிறு கற்களைப் பார்த்து, "கி.மீ. 12/4 முதல் 12/6 வரை, இறங்கும் திசையில் இடப்புறம்" என்று எழுதுங்கள், நெடுஞ்சாலைத் துறையினர் தங்கள் கோப்புகளில் எழுதுவதும் இப்படித்தான்.

வெயில் நாளில் போய்ப் பார்த்தால் வளைவு சாதுவாகத் தெரியும். மழை விட்ட மறுநாள் காலையிலோ, பனிமூட்டம் இறங்கும் மாலையிலோ பாதுகாப்பான ஓரத்தில் நின்று பாருங்கள். வளைவில் வைத்த குவியாடி பனித்துளி படிந்து ஒன்றும் காட்டாமல் இருக்கலாம், அல்லது யாரோ இடித்ததில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பக்கக் கால்வாயில் இலையும் மண்ணும் அடைத்திருந்தால், தண்ணீர் சாலையின் குறுக்கே ஓடி, சரளையை வளைவின் நடுவில் கொண்டுவந்து கொட்டியிருக்கும். இருசக்கர வண்டிகள் சறுக்குவது பெரும்பாலும் அங்கேதான். தடுப்புச் சுவரில் உள்ள இடித்த தழும்புகளையும் எண்ணிக்கொள்ளுங்கள். ஓட்டுநர் இருக்கையின் உயரத்திலிருந்து, வளைவுக்கு 30 மீட்டர் முன்பாக, இரண்டு திசையிலும் படம் எடுக்க வேண்டும். படம் எடுப்பவர் ஓட்டுபவராக இருக்கக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

500 மீட்டர் நீளத்துக்குள் மூன்றாண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ நேர்ந்த 5 விபத்துகள், அல்லது 10 உயிரிழப்புகள் நிகழ்ந்திருந்தால்தான் தேசிய நெடுஞ்சாலையில் அதை விபத்துப் பகுதியாகக் கணக்கில் எடுப்பார்கள். மலையில் பல மோதல்கள் சம்பவ இடத்திலேயே பேசி முடிக்கப்படுவதால் அவை எந்தக் கணக்கிலும் வருவதில்லை. ஆகவே அக்கம்பக்கத்தாரிடம் கேட்டு, தேதியோடு ஒரு பட்டியலை இணையுங்கள். வழக்குப் பதிவானவற்றைத் தனியே காட்டுங்கள்.

கோரிக்கையில் சாலையை அகலப்படுத்தச் சொல்லி எழுதுவது பெரும்பாலும் வீண். காப்புக்காட்டை ஒட்டிய இடமானால் 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மத்திய அரசின் அனுமதி தேவைப்படும், கோப்பும் அங்கேயே நின்றுவிடும். கால்வாயைத் தூர்வாருதல், குவியாடி, இரவில் ஒளிரும் பட்டைகள், இரும்புத் தடுப்பு, மறைக்கும் புதரை வெட்டுதல் ஆகிய ஐந்துக்குள் உங்கள் வளைவுக்கு எவை பொருந்துமோ அவற்றை மட்டும் கேளுங்கள்.

வெறும் குழி என்றால் நெடுஞ்சாலைத் துறையின் 'நம்ம சாலை' செயலியில் படத்துடன் பதிவு செய்தாலே போதும். மற்றவற்றுக்கு, திங்கட்கிழமைகளில் உதகை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து, ஒப்புகை எண்ணை மறக்காமல் வாங்குங்கள். நேரில் போக முடியாதவர்கள் 1100 என்ற முதலமைச்சர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். ஆட்சியர் தலைமையில் காவல், போக்குவரத்து, நெடுஞ்சாலைத் துறையினர் கூடும் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் பார்வைக்கும் வைக்குமாறு மனுவின் மேலேயே எழுதிவிடுங்கள்.

வேலை முடிந்த பிறகு ஒரு பனிமூட்ட மாலையில் மறுபடியும் அதே இடத்தில் நின்று பாருங்கள். குவியாடி எதிர்த்திசைக்குத் திரும்பியிருந்தால், பழைய ஒப்புகை எண்ணைக் குறிப்பிட்டு, தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன்பே அடுத்த மனுவைக் கொடுத்துவிடுங்கள்.