சர்க்கரை உள்ள பூனைக்கு இதயத்திலும் லேசான கோளாறா? இந்தத் தவறுகள் வேண்டாம்

பூனைக்குச் சர்க்கரை என்று தெரிந்து, ஊசி போடக் கை பழகி, அப்பாடா என்று உட்காரும்போதுதான் அடுத்தது வரும். வழக்கமான பரிசோதனையில் இதயத்தில் முணுமுணுப்பு கேட்கிறது. எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தால் தசை கொஞ்சம் தடித்திருக்கிறது. இடது மேலறை பெரிதாகவில்லை, இப்போதைக்கு மருந்து வேண்டாம், சில மாதம் கழித்துப் பார்ப்போம் என்று மருத்துவர் அனுப்பிவிடுகிறார். வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்பதில்லை. ஒன்றுமே செய்யாமல் எப்படி இருப்பது? தவறுகளில் பாதி இந்தத் தவிப்பில்தான் பிறக்கின்றன.

முதல் தவறு, மருந்தைக் கேட்டு வாங்குவது. நீர் பிரிக்கும் ஃபுரோசமைடு, நுரையீரலில் நீர் கோத்த பூனைக்கு உயிர் காக்கும். நீரே கோக்காத பூனைக்கு அது உடம்பை வறட்டிவிடும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாத பூனை ஏற்கெனவே சிறுநீரில் ஏகப்பட்ட தண்ணீரை இழந்துகொண்டிருக்கிறது; சிறுநீரகம் பாவம். தசை தடிப்புக்கென்று 2025-இல் அமெரிக்காவில் நிபந்தனையோடு அனுமதி பெற்ற சிரோலிமஸ் மாத்திரைகூட, சர்க்கரை உள்ள பூனைக்குக் கொடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கையோடுதான் வருகிறது. ரத்தம் உறையாமலிருக்கத் தரும் குளோபிடோக்ரல், மேலறை பெரிதானவற்றுக்கு. அது வேறு கட்டம்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? மூச்சை எண்ணுவது. கேட்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் வீட்டில் இதைவிட நல்ல கருவி கிடையாது. பூனை ஆழ்ந்து தூங்கும்போது விலாவைப் பாருங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. ஏறுவதைத் தனியாகவும் இறங்குவதைத் தனியாகவும் எண்ணிவிட்டு, அறுபது வந்துவிட்டது என்று நள்ளிரவில் பதறுபவர்கள் உண்டு. 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். பர்ரென்று உறுமும்போதோ, கனவில் மீசை துடிக்கும்போதோ எண்ண வேண்டாம். நிமிடத்துக்கு 30-க்குக் கீழே இருந்தால் சரி. அதைவிட முக்கியம், உங்கள் பூனையின் வழக்கமான எண் என்ன என்பது. எப்போதும் 18 மூச்சு விடுகிற பூனை மூன்று நாளாக 28 விடுகிறது என்றால், 30-ஐத் தாண்டவில்லையே என்று சும்மா இருக்கக் கூடாது. இன்சுலின் எழுதும் அதே தாளில் இதையும் எழுதுங்கள்.

இருமல் வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று காத்திருப்பதும் தவறு. நாய் வளர்த்தவர்கள் இதில் ஏமாறுவார்கள். இதயம் தளர்ந்த பூனை பெரும்பாலும் இருமாது. கட்டிலுக்கடியில் போய் ஒடுங்கும், சாப்பாட்டைக் குறைக்கும், வயிற்றை இழுத்து மூச்சு விடும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். கிளம்பும்போது சர்க்கரை இருப்பதையும் சொல்லுங்கள். சர்க்கரை கட்டுமீறும்போது ரத்தத்தில் சேரும் கீட்டோன் என்ற அமிலம் ஏறினாலும் மூச்சு மாறும், அதற்கான வைத்தியம் வேறு.

இரண்டு நோயையும் சேர்த்துச் சொல்லாமல் விடுவதைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். தோல் அரிப்புக்காக வேறொரு மருத்துவரிடம் போகிறீர்கள். அரிப்புக்கு இதயத்தைப் பற்றி எதற்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றும். அவர் பல வாரம் வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசி ஒன்றைப் போட்டுவிடுகிறார். அது சர்க்கரையைத் தூக்கிவிடும். ரத்தக் குழாய்க்குள் நீரைச் சேர்த்து இதயத்தின் பாரத்தையும் கூட்டும். மாத்திரையென்றால் படிப்படியாகக் குறைத்து நிறுத்தலாம், போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. தோலுக்கடியில் ஏற்றும் டிரிப்ஸும் அப்படித்தான். வறண்டுபோன பூனைக்கு நல்லது, தடித்த இதயத்துக்கு அளவு மீறினால் ஆபத்து. பல் சுத்தம் செய்ய மயக்க மருந்து கொடுக்கும் முன்னும் இரண்டையும் சொல்லிவிடுங்கள்.

இரண்டு நோய்க்கும் ஒரே வேர் இருக்கலாம் என்பதை யாரும் யோசிப்பதில்லை. இன்சுலினை ஏற்றிக்கொண்டே போகிறீர்கள், சர்க்கரை இறங்கவில்லை, ஆனால் பூனை எடை போடுகிறது. கட்டுக்கடங்காத சர்க்கரையில் உடம்பு இளைக்க வேண்டுமே! முகம் அகன்று, பாதம் பெருத்தும் இருந்தால் பிட்யூட்டரி சுரப்பியில் வளர்ச்சி ஹார்மோன் கூடுதலாகச் சுரக்கிறதா என்று கேளுங்கள். அந்த ஹார்மோன் இன்சுலினையும் மழுங்கடிக்கும், இதயத் தசையையும் தடிக்க வைக்கும். ஐஜிஎஃப்-1 என்ற ரத்தப் பரிசோதனையில் தடயம் கிடைக்கும். மூலத்தைச் சரிசெய்தால் தடிப்பு குறையவும் கூடும். வயதான பூனை என்றால் தைராய்டும் ரத்த அழுத்தமும் கட்டாயம் பார்க்க வேண்டியவை.

சாப்பாட்டு விஷயத்தில் உப்பைப் பற்றிய பயம் கொஞ்சம் அதிகம். உப்பேறிய தீனியை நிறுத்தினால் இந்தக் கட்டத்துக்குப் போதும். உப்பில்லாத புது உணவை ஒரே நாளில் மாற்றி, பூனை முகத்தைத் திருப்பிக்கொண்டு, வழக்கமான நேரத்தில் இன்சுலினும் போட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். உலர் தீனியிலிருந்து மாவுச்சத்துக் குறைந்த ஈர உணவுக்கு மாறுவது நல்லதுதான், ஆனால் இன்சுலின் தேவை சில நாட்களிலேயே குறையலாம். பழைய அளவையே போடாமல், சர்க்கரை பார்த்து மருத்துவரிடம் பேசுங்கள். வீட்டில் சமைத்துப் போடுபவர்களுக்கு ஒன்று: இறைச்சியில் இருக்கும் டாரின் என்ற சத்து குறைந்தால் பூனையின் இதயம் விரிந்து தளரும் என்பது 1987-லேயே நிரூபணமான விஷயம்.

கடைசியாக, பின்னங்கால். சர்க்கரையால் நரம்பு தளர்ந்த பூனை குதிகாலைத் தரையில் பதித்துத் தாழ்ந்து நடக்கும். அது வாரக்கணக்கில் மெல்ல வருவது. நேற்று வரை குதித்த பூனை திடீரென்று கத்தி, பின்னங்காலை இழுத்துக்கொண்டு நகர்ந்தால் அது நரம்புத் தளர்ச்சி இல்லை. இதயத்திலிருந்து கிளம்பிய ரத்தக்கட்டி காலுக்குப் போகும் குழாயை அடைத்திருக்கலாம். லேசான கட்டத்தில் இது அரிது, இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்து, அடிப்பஞ்சு வெளுத்தோ நீலம் பாய்ந்தோ தெரிந்தால் காலை நீவிவிட்டுக்கொண்டு உட்கார வேண்டாம், வலி மாத்திரை எதுவும் கொடுக்க வேண்டாம். கூடையில் வைத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள்.