பிளாக்செயினில் எதை வைப்பது, எதை வெளியே வைப்பது?

வெப் ஆப்பை எதீரியத்தோடு இணைக்கும்போது, செயினுக்குள் எது போகக் கூடாது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கான்ட்ராக்ட் (செயினில் ஓடும் நிரல்) ஸ்டோரேஜில் புதிதாக 32 பைட் எழுதவே குறைந்தது 20,000 காஸ் (செயினில் செய்யும் வேலைக்கான கட்டண அலகு) ஆகும்; 1 கேபி என்றால் 6,40,000. படம், ஆவணம் எல்லாம் ஐபிஎஃப்எஸ் (பல கணினிகள் கோப்புகளைப் பகிரும் நெட்வொர்க்) போன்ற இடத்தில் இருக்கட்டும், ஹேஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற குறியீடு) மட்டும் செயினுக்குப் போதும். ('பின்' செய்யாத, அதாவது நீக்காமல் வைத்திருக்கும்படி எந்தக் கணினியிலும் குறிக்காத கோப்பு ஐபிஎஃப்எஸ்ஸில் நிலைக்கும் என்று நம்ப வேண்டாம்.)

கான்ட்ராக்ட் திரும்பப் படிக்கத் தேவையில்லாத விவரங்களை ஈவென்ட்டாக (செயினின் லாக்கில் பதியும் குறிப்பாக) வெளியிடுங்கள். அடிப்படைக் கட்டணம் போக, பைட்டுக்கு 8 காஸ்தான். இண்டெக்ஸர் நிரல் ஒன்று அவற்றைப் படித்து போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் சேர்க்கட்டும். பக்கம் திறக்கும்போதெல்லாம் ஆர்பிசியை (செயினிடம் நேரடியாகத் தகவல் கேட்கும் இணைப்பை) கூப்பிட்டால், கூட்டம் கூடிய அன்றே வரம்பை முட்டி ஆப் நின்றுவிடும்.

பலரும் சறுக்கும் இடம் ரீஆர்க். சற்றுமுன் வந்த பிளாக் (பரிவர்த்தனைகளின் தொகுப்பு) பிறகு செயினிலிருந்து விலக்கப்படலாம். உங்கள் டேட்டாபேஸில் மட்டும் நடக்காத பரிவர்த்தனை தங்கிவிடும். அதனால் ஒவ்வொரு பதிவிலும் பிளாக் எண், பிளாக் ஹேஷ், லாக் இண்டெக்ஸ் (பிளாக்குக்குள் ஈவென்ட்டின் வரிசை எண்) மூன்றும் கட்டாயம் வேண்டும். புது பிளாக்கின் பேரன்ட் ஹேஷ் (அதற்கு முந்தைய பிளாக்கின் ஹேஷ்) உங்களிடமுள்ள கடைசி ஹேஷோடு பொருந்தவில்லையா? பொருந்தும் இடம்வரை பின்னால் போய், அதற்குப் பிந்தைய பதிவுகளை நீக்கி, அங்கிருந்து மறுபடி படியுங்கள். பிளாக் ஹேஷையும் லாக் இண்டெக்ஸையும் சேர்த்து யூனிக் கீ ஆக்கினால் ஒரே ஈவென்ட் இருமுறை ஏறாது.

திரையில் 'நிலுவையில்' என்று உடனே காட்டலாம். பணம் விடுவிப்பது, சரக்கு அனுப்புவது போன்றவற்றுக்கு மட்டும் பிளாக் ஃபைனலைஸ்டு (இனி விலக்கப்படாதபடி உறுதி) ஆகும்வரை காத்திருங்கள். வழக்கமாக 13 நிமிடம் போல ஆகும்.