திடீரென அடம் பிடிக்கும் பிள்ளையின் வயிற்றைக் கவனிப்பது எப்படி

நேற்றுவரை சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை ஒரு வாரமாகத் தொட்டதற்கெல்லாம் சிடுசிடுக்கிறது, இரவில் புரண்டு புரண்டு படுக்கிறது, பள்ளிக்கூடம் என்றாலே அழுகிறது என்று வைத்துக்கொள்வோம். சேலம் வட்டாரத்தில் வீட்டுப் பெரியவர்கள் தொக்கம் விழுந்திருக்கும் (தின்றது உள்ளே சிக்கிக்கொண்டது என்ற நாட்டு நம்பிக்கை), எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்பார்கள். இளம் பெற்றோரோ கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டுக் குடல் நுண்ணுயிர்தான் காரணம் என்று புரோபயாட்டிக் (நன்மை தரும் நுண்ணுயிர் அடங்கிய மருந்து) வாங்கக் கிளம்புவார்கள். வயிற்றைச் சந்தேகிப்பதில் இரு தரப்பும் தவறவில்லை. ஆனால் பிள்ளையின் மலம் எப்படிப் போகிறது என்பதை இரு தரப்புமே பார்ப்பதில்லை. அதைப் பார்ப்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஒரு பழைய நோட்டில் ஒரு வாரத்துக்குக் குறித்து வாருங்கள்: எத்தனை மணிக்கு வெளிக்குப் போனது, மலம் ஆட்டுப் புழுக்கை போல உருண்டையாக இருந்ததா அல்லது இளகியிருந்ததா, வலித்ததா, என்ன சாப்பிட்டது, எப்போது தூங்கியது, எந்த நேரத்தில் கோபம் வந்தது. வாரத்துக்கு இரண்டு முறையோ அதற்கும் குறைவாகவோ போகிறது என்றால் மலச்சிக்கலைச் சந்தேகிக்க வேண்டும். கதவுக்குப் பின்னால் ஒதுங்கி, கால்களைப் பின்னிக்கொண்டு, குதிகாலைத் தூக்கி, முகம் சிவக்க நிற்கும் பிள்ளையைப் பார்த்தால் முக்குகிறது என்றே தோன்றும். உண்மையில் அது பெரும்பாலும் அடக்கிக்கொண்டிருக்கிறது. ஒருமுறை வலித்ததால் அடுத்த முறை அடக்கும், அடக்குவதால் மலம் இறுகும், இறுகுவதால் இன்னும் வலிக்கும். ஜட்டியில் அடிக்கடி கறை படிவதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து அதை நிறுத்த மருந்து கொடுப்பவர்கள் உண்டு. இறுகிய கட்டியைச் சுற்றி நீர்மலம் கசிவதால்கூட அந்தக் கறை வரும். அதற்காகப் பிள்ளையை அடிப்பது கொடுமை. நிறைந்த குடல் மூத்திரப்பையை அழுத்துவதால், நின்றுபோயிருந்த படுக்கை நனைத்தலும் திரும்ப வரலாம்.

நம் ஊரில் இதற்கான காரணங்களைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. பள்ளிக் கழிப்பறை நாறுகிறது என்று மாலைவரை அடக்கி வைக்கும் பிள்ளைகள் ஏராளம். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் விடியற்காலையிலேயே வண்டி பிடித்துப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு நிதானமாக உட்கார நேரமே கிடைப்பதில்லை. மார்கழிக் குளிரில் அது தண்ணீரையும் தொடாது. மாலையில் தட்டுவடை செட்டு, ஜவ்வரிசி வடகம், பிஸ்கட் என்று போனால் நார்ச்சத்துக்கு இடமேது? ஜவ்வரிசி ஏறக்குறைய வெறும் மாவுச்சத்துதான்.

உணவு முடிந்ததும் பெருங்குடல் தானாகவே அசையத் தொடங்கும் என்பதால், காலை அல்லது இரவு உணவுக்குப் பின் 5 முதல் 10 நிமிடம் பிள்ளையைக் கழிப்பறையில் உட்கார வையுங்கள். மேற்கத்திய கோப்பை என்றால் காலடியில் ஒரு மணை போடுங்கள். கொய்யா, வாழைப்பழம், கீரை, ராகி, சாமை ஆகியவை போதும், விலை உயர்ந்த எதுவும் வேண்டாம். பாலை நாளுக்கு அரை லிட்டருக்குள் நிறுத்துங்கள். மருத்துவர் மலமிளக்கி எழுதிக் கொடுத்தால், இரண்டு நாளில் சரியாகிவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள்; விரிந்துபோன குடல் பழைய நிலைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம். விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக்கும் பழக்கம் இதற்குத் தீர்வாகாது.

அடுத்தது புழு. இரவில் மட்டும் எரிச்சலும் தூக்கக் கலைச்சலும் ஆசனவாய் அரிப்பும் இருந்தால், தூங்கி இரண்டு மூன்று மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளை நூல் துண்டு போல, ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் நெளிந்தால் அது கீரிப்பூச்சி. மருத்துவர் சொல்லும் மாத்திரையை வீட்டில் எல்லோரும் எடுத்துக்கொண்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடியும் எடுக்க வேண்டும். நகத்தை வெட்டி, படுக்கைத் துணிகளை வெந்நீரில் துவைக்க வேண்டும். குடற்புழு நீக்க நாளில் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் தரும் அல்பெண்டசோல் மாத்திரையைத் தவறவிடாதீர்கள். ஈரமண்ணில் வெறுங்காலோடு நடக்கும் பிள்ளைகளுக்குக் கொக்கிப்புழு தோல் வழியாக நுழைந்து, குடலில் இருந்து ரத்தத்தை உறிஞ்சும். அதனால் வரும் ரத்தசோகையில் பிள்ளை சோர்ந்து, எரிந்து விழுந்து, பாடத்தில் கவனம் இழக்கும். மண், சாக்பீஸ், பச்சரிசி ஆகியவற்றைத் தின்னும் பிள்ளைக்கு ஹீமோகுளோபின் பார்த்துவிடுவது நல்லது.

பரவலாகப் பேசப்படாத ஒன்று ஈயம். வயிற்றுவலி, மலச்சிக்கல், மூர்க்கம் ஆகிய மூன்றையும் அது ஒன்றாகவே கொண்டுவரலாம். பழைய பெயிண்ட் உதிரும் சுவர், வீட்டருகே பேட்டரி உடைக்கும் தொழில், நிறம் ஏற்றிய மஞ்சள்தூள் என்று ஏதேனும் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். ரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கப் பரிசோதனை உண்டு.

இனி நுண்ணுயிர் விவகாரம். குடலுக்கும் மூளைக்கும் நரம்பு வழியாகப் பேச்சுவார்த்தை நடப்பது உண்மை. மனநிலையோடு தொடர்புடைய ரசாயனமான செரோடோனினில் உடலில் உள்ளதில் சுமார் 90 விழுக்காடு குடலில் உருவாகிறது என்பதும் உண்மைதான். ஆனால் அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் நேராகப் புகுவதில்லை என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை. பிள்ளையின் குணத்தை மாற்றும் என்று ஒரு மாத்திரைக்குப் பணம் கொடுக்கும் அளவுக்குச் சான்று இன்னும் சேரவில்லை என்பதே என் கருத்து. தயிரும் பழைய சோறும் நல்ல உணவுதான், அவற்றை மருந்தாக்க வேண்டாம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு மலச்சிக்கலும் வயிற்றுவலியும் கூடுதலாகக் காணப்படுகின்றன. பேச முடியாத பிள்ளை திடீரெனத் தலையை முட்டிக்கொண்டாலோ மேசை விளிம்பில் வயிற்றை அழுத்தினாலோ, வலி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தடுப்பூசியையும் குடலையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டு 1998-இல் வெளியான ஆய்வுக் கட்டுரையை, அதை வெளியிட்ட இதழே 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை என்று தோன்றினாலும் ரத்தப் பரிசோதனைக்கு முன் நிறுத்தாதீர்கள். நிறுத்திவிட்டால் முடிவு தவறாக வரலாம்.

வயிறு மனத்தைக் கலக்குவது போலவே மனமும் வயிற்றைக் கலக்கும். திங்கட்கிழமை காலையில் மட்டும் வலிக்கிறது, விடுமுறையில் வலிப்பதில்லை என்று நோட்டு காட்டினால், பள்ளியில் என்ன நடக்கிறது என்று பதறாமல் கேளுங்கள். யாரோ ஒருவரைக் கண்டு பிள்ளை நடுங்கினால், பாலியல் தொல்லையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணில் உதவி கேட்கலாம்.

நோட்டு எழுதிக்கொண்டு காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. கைக்குழந்தை விட்டுவிட்டு வீறிட்டு அழுது, காலை மடக்கி, இடையிடையே துவண்டுபோனால் குடல் குடலுக்குள் செருகியிருக்கலாம். பச்சை வாந்தியும் சளியோடு ரத்தமும் வரும்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அப்போது தொக்கம் எடுக்கவோ வயிற்றைத் தட்டிக் குடலைச் சரிசெய்வதாகச் சொல்லும் குடல் தட்டலுக்கோ போவது உயிருக்கே ஆபத்து. அதிகத் தாகம், அடிக்கடி சிறுநீர், வயிற்றுவலி, வாந்தி, மயக்கம் என்று சேர்ந்து வந்தால் முதல் வகை நீரிழிவாக இருக்கலாம். அன்றே சர்க்கரை பார்க்க வேண்டும். ஓரிரு நாளில் புதிதாகக் கடும் பயமும், திரும்பத் திரும்ப ஒரே செயலைச் செய்வதும், சாப்பிட மறுப்பதும் தோன்றினால், அண்மையில் தொண்டைவலி வந்ததா என்பதையும் சேர்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். காலையில் எழுந்ததும் தலைவலியோடு வாந்தி, வலிப்பு, நினைவு தடுமாற்றம் ஆகியவற்றுக்கும் தாமதிக்கக் கூடாது. ஏற்காட்டிலிருந்து சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கியாக வேண்டும் என்பதால், மலையில் இருப்பவர்கள் விடியட்டும் என்று பார்க்காமல் உடனே 108-ஐ அழைத்துவிட வேண்டும்.