பழைய ஜாயின்ட் ஷாஃப்ட்டில் என்ன கப்ளிங்? கண்டுபிடிப்பது எப்படி

டிராக்டரின் பின்பக்கச் சுழல் முனையிலிருந்து (பி.டி.ஓ.) இம்ப்ளிமென்டுக்கு, அதாவது பின்னால் மாட்டும் கருவிக்கு, சுழற்சியைக் கொண்டுபோவது ஜாயின்ட் ஷாஃப்ட்; அதில் இணைப்பாக இருப்பது கப்ளிங். கழற்றிய கப்ளிங்கைக் கையில் எடுத்துக்கொண்டு கடை கடையாக "இதே மாதிரி கொடுங்க" என்று கேட்பதில் பலனில்லை. என்ன வகை, எத்தனை பல், என்ன அளவு என்ற மூன்றும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். டீசலும் கம்பி பிரஷும் போட்டுக் கிரீஸ் பூச்சை முழுக்க எடுங்கள். கழற்றும் முன் இரண்டு பக்கமும் சென்டர் பஞ்ச் வைத்து ஒரு புள்ளி குத்தி வையுங்கள். திரும்பப் பூட்டும்போது அதுதான் வழிகாட்டும்.

வகையை அதன் அசைவே காட்டிக்கொடுக்கும். நடுவில் கிராஸ் (கூட்டல் குறி போன்ற நான்கு கைத் துண்டு) இருந்து எல்லாப் பக்கமும் மடங்கினால் சாதாரண யுனிவர்சல் ஜாயின்ட். இரண்டு கிராஸுக்கு நடுவே ஒரு கூடு இருந்தால் அகலக் கோண ஜாயின்ட். ஒரு திசையில் பூட்டி, மறுதிசையில் சும்மா சுற்றினால் ஓவர்ரன்னிங் கிளட்ச். நடுவில் ஒரு தட்டு, அதன் முன்பக்க நாக்கும் பின்பக்க நாக்கும் ஒன்றுக்கொன்று குறுக்காக இருந்தால் ஓல்டாம் கப்ளிங். இந்தத் தட்டு ஆடத்தான் செய்யும். தேய்மானம் என்று நினைத்து வெல்ட் வைத்துவிட்டால் இரண்டு பக்கப் பேரிங்கும் போய்விடும்.

ஆறு போல்ட்டில் மாட்டிய ரப்பர் வட்டு என்றால், ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்று போல்ட் இந்தப் பக்க ஃபிளாஞ்சுக்கும் (ஷாஃப்ட் முனையில் உள்ள தட்டு) மூன்று அந்தப் பக்கத்துக்கும் போகும். பழைய ரப்பர் விரிந்திருக்கும், அதில் அளக்க வேண்டாம். ஒரு ஃபிளாஞ்சில் அடுத்தடுத்த இரண்டு ஓட்டைகளின் மையத்துக்கு மையம் அளந்து 1.155-ஆல் பெருக்குங்கள். கிடைப்பது போல்ட் வட்டத்தின் விட்டம். கூடவே ஓட்டை அளவும் வட்டின் தடிமனும் வேண்டும்.

அடுத்து ஸ்பிளைன், அதாவது ஷாஃப்ட் முனையில் நீளவாக்கில் வெட்டிய பற்கள். இன்று பரவலாக இருப்பது 6 பல், ஒரு இஞ்ச் மூணு நூல் (நூல் என்றால் 1/8 இஞ்ச்), அதாவது 34.9 மி.மீ. இதுதான் 540 ஆர்.பி.எம். வேகத்துக்கானது. அதே விட்டத்தில் 21 பல் என்றால் 1000 ஆர்.பி.எம். 44.45 மி.மீ., 20 பல் வந்தால் பெரிய டிராக்டர் வகை. பழைய டிராக்டர்களில் ஏமாற்றுவது 28.6 மி.மீ., அதாவது ஒரு இஞ்ச் ஒரு நூல். ஃபெர்குசன் டிஇ20, ஃபோர்டு 8என் இரண்டிலும் இதே 6 பல் என்பதால் கண்ணால் பார்த்தால் வித்தியாசம் பிடிபடாது. ஸ்லீவ் (மேலே மாட்டும் உறை) போட்டு இன்றைய அளவுக்கு மாற்றலாம். ஆனால் ஸ்லீவ் நீளத்தைக் கூட்டும். இம்ப்ளிமென்டைத் தூக்கும்போது ஷாஃப்ட்டின் ஒன்றுக்குள் ஒன்று நகரும் குழாய் உள்ளே முட்டுகிறதா என்று பாருங்கள். எந்த ஸ்பிளைனையும் ஹப் (அதன் மேல் ஏறும் துளையுள்ள பகுதி) உட்காராத, தேயாத இடத்தில் அளங்கள்.

கிராஸுக்கு வெர்னியர் இல்லாமல் போகாதீர்கள். கைகளின் முனையில் உள்ள கப்பின் விட்டம் ஒன்று, கப்போடு சேர்ந்த முழு நீளம் ஒன்று. 22 × 54, 23.8 × 61.3, 27 × 74.6, 30.2 × 80 மி.மீ. ஆகியவை பண்ணை ஷாஃப்ட்டில் அடிக்கடி வருபவை. 27 மி.மீ. கப் வைத்து 81.8 நீளம் வந்தால் அது ஸ்பைசர் நிறுவனத்தின் 1310, ஜீப் வகை. யாரோ பழைய ஜீப் ஷாஃப்ட்டை வெட்டிச் சேர்த்திருக்கிறார்கள். ஒரு கையை மட்டும் அளந்துவிட்டு நிறுத்த வேண்டாம். இரண்டு திசையிலும் அளவு வேறாக உள்ள கிராஸும் உண்டு. சர்க்கிளிப் (கப்பைப் பிடிக்கும் வளையம்) யோக்கின் (கிராஸைத் தாங்கும் கவை) வெளியே உட்காருகிறதா, உள்ளேயா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

குழாயின் வடிவமும் துப்புத் தரும். முக்கோணம் இத்தாலிய வழி, எலுமிச்சை வடிவம் வால்டர்ஷைட் நிறுவன வழி, சதுரம் பழைய அமெரிக்க வகை. சதுரத்தில் ஒரு தொல்லை: கால் சுற்றுத் தள்ளி நுழைத்தாலும் உள்ளே போய்விடும். இரு முனை யோக்கும் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டால் ஷாஃப்ட் உதறும், புதுக் கிராஸும் சீக்கிரம் போய்விடும்.

எதிலும் சேராத அளவு வந்தால், முன்பு லேத் பட்டறையில் கடைந்து போட்ட ஹப்பாக இருக்கலாம். அதற்கு ஜோடி தேடி அலைவதைவிட, இரு முனையிலும் 34.9-க்கான யோக்கைப் போட்டுப் புது ஷாஃப்ட் வாங்குவது மலிவு.